மாரியம்மாளின் வைக்கோல் போரும் மேற்கு மலைப் புகையும்

செஞ்சிக்காரர்கள் அதுவரை புகையைக் கண்ணால் பார்த்து வந்தார்கள், மூக்கால் மோந்து வந்தார்கள். எவ்வளவு பெரிய மடத்தனம்! அதை ஒழிப்பதற்காகவே உரக்கடை மாடியில் 'காட்டுத்தீப் புகை நகர்வுக் கண்காணிப்பு மையம், செஞ்சிக் கிளை' என்று ஒன்றைத் திறந்தார்கள். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மின்விசிறிக் காற்றில் அது அணைந்து அணைந்து புகைந்து, மேடையில் இருந்த அத்தனை பேரையும் இரும வைத்தது. செயற்கைக்கோளுக்குத் தெரியாததால் அந்தப் புகை கணக்கில் சேரவில்லை.

காட்டுத்தீக்கும் செஞ்சிக்கும் என்ன ஒட்டு என்று கேட்கக்கூடாது. மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் செஞ்சியைச் சுற்றி மலை இருப்பதைப் பார்த்திருக்கிறார். மலை என்றால் காடு, காடு என்றால் தீ, தீ என்றால் புகை என்று வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். செஞ்சி மலை என்பது பாறைமேல் பாறையை அடுக்கி, இடுக்கில் கொஞ்சம் புதரும் கோடையில் காய்ந்த புல்லும் செருகி வைத்த மலை. அது இங்கே ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும். புண்ணியவான் ஆடு மேய்த்ததில்லை.

மையத்தின் வேலை சுலபமானது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அனுப்புகிற படத்தில் தீ இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். புகை சாம்பல் நிறத்தில் பூசினாற்போலத் தெரியும். மேற்கு மலைகளில் காடு எரிந்தால் அந்தப் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அம்பு போட வேண்டும். அம்பு போடுகிறவள் நீலாஞ்சனா. செஞ்சியிலேயே அரிசி வியாபாரம் செய்யும் நயினார் வீட்டுப் பெண், கெட்டிக்காரி. அம்பைக் கையெழுத்திட்டு அனுப்புகிறவர் இயக்குநர் அரங்கநாதன். படத்தில் தெரிவது தரையிலும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறவன் காமராஜ்.

காமராஜ் செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்துக்காரன். வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, செல்போன் கடை, கூரியர் கம்பெனி என்று நாய் படாத பாடு பட்டு, கடைசியில் ஒப்பந்தத்தில் இந்த வேலைக்கு வந்தவன். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. பதவியின் பெயர் 'தரை உண்மை உதவியாளர்'. அந்தப் பெயரை அட்டையில் அடித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று எதிர்வீட்டு மாரியம்மாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். உறவு முறையில் அவனுக்கு அத்தை. புருஷன் போன பிறகு ஆடு வளர்த்தும், வீட்டை ஒட்டிய ஒரு துண்டு புன்செய்க் கொல்லையில் பாடுபட்டும் தனியாக வாழ்கிறவள். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

"இன்னாடா அது கய்த்துல?"

"உண்மை உதவியாளர், அத்தே."

"அப்பப் பொய்க்கு வேற ஆளு கீறாங்களா ஆபீஸ்ல?"

தெருவே சிரித்தது. காமராஜும் சேர்ந்து சிரித்தான். பொய்க்கும் அவனேதான் ஆள் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

முதல் நாளே இயக்குநர் அவனை உட்கார வைத்துத் தத்துவம் சொன்னார்.

"செயற்கைக்கோள் பொய் சொல்லாது, காமராஜ். எதுக்குச் சொல்லணும்? அதுக்கு என்ன பிரமோஷன் வேணுமா, டிரான்ஸ்ஃபர் பயமா? பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கு, உனக்கு இருக்கு. அதனால நம்ம கண்ணை நாம நம்பக் கூடாது. படத்தை நம்பணும்."

"சரிங்க சார். அப்ப நான் போய்ப் பாக்கறது எதுக்குங்க?"

"படம் சரின்னு சொல்றதுக்கு."

"தப்பா இருந்தா சார்?"

இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "படம் தப்பாகாதுப்பா. தரை சில சமயம் தப்பா இருக்கும். அதைச் சரி பண்றதுக்குத்தான் உன்னைப் போட்டிருக்கு."

பங்குனிக் கடைசியில் மேற்கே ஏதோ மலையில் காடு எரிந்தது. நீலாஞ்சனா அம்பு போட்டாள். அம்பின் மூக்கு நேராகச் செஞ்சியில் வந்து குத்தியது. புகை வெள்ளிக்கிழமை வரும் என்று இயக்குநர் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை நாள். அதனால் என்ன, புகைக்குச் சந்தை தெரியுமா? ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு காமராஜ்தான் ஊரெல்லாம் சுற்றினான். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! இன்று புகை வர இருப்பதால் சந்தை நடைபெறாது. சன்னல்களைச் சாத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவலூர்பேட்டையிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் விடியுமுன்னே ஆடு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் சந்தை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். வானம் தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. மாரியம்மாளும் இரண்டு கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்கடா புகை? காட்டு பாப்போம்."

"வரும் அத்தே. வந்துகினே இருக்குது."

"வர்ற வரிக்கும் என் கிடாய்ங்களுக்கு நீ தழை போடுவியா?"

புகை வரவில்லை. ஆனால் அறிக்கை போயிற்று. 'புகை குறித்தபடி வந்து, பொதுமக்களுக்கு இடையூறில்லாத உயரத்தில் கடந்து சென்றது.' மேலிடம் அதை ஏற்கவில்லை. வந்ததற்குப் படம் எங்கே என்று கேட்டது. இயக்குநருக்கு அவமானமாகிவிட்டது. அந்தப் புகையை 'வர வேண்டியது' என்று எழுதி நிலுவையில் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் வந்ததும், ஊருக்குப் போன பெண்டாட்டியை விசாரிப்பதுபோல், "வந்துச்சா?" என்று நீலாஞ்சனாவைக் கேட்பார். வரவில்லை.

சித்திரை பிறந்தது. படத்தில் செஞ்சி மலைகள்மேல் சிவப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. இயக்குநருக்கு முகத்தில் களை வந்தது. காமராஜ் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். புள்ளி விழுந்த இடத்தில் ஒரு மொட்டைப் பாறை. யானை படுத்ததுபோல் கிடந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. போன் போட்டான்.

"பாறைங்க சார். தீ இல்ல."

"சுடுதா?"

"சித்திரை வெயிலு சார், கால் வெக்க முடியல."

"சுடுதுன்னு நீயே சொல்ற. செயற்கைக்கோளும் அதையேதான் சொல்லுது. அப்புறம் என்ன தகராறு? புகையோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"புகை இல்லையே சார்."

"நான் உன்னைத் தீ வைக்கச் சொன்னேனா? ஒருக்காலும் சொல்ல மாட்டேன். அது குற்றம். புகையோட வான்னுதான் சொல்றேன். படமும் தரையும் ஒத்துப்போகலைன்னா மையத்தை மூடிருவாங்க. உன் ஒப்பந்தம் ஆனி மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா?"

நெருப்பில்லாமல் புகையாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதனால் அவனுக்கு நெருப்பு வேண்டியிருந்தது. அறுப்பு முடிந்த கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி காய்ந்த மல்லாட்டைக் கொடியை, அதாவது வேர்க்கடலைக் கொடியை, அள்ளி வந்து, பாறைக் குழியில் வைத்து, திருட்டு பீடி பிடிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கொளுத்தினான். புகை எழுந்தது. போட்டோ எடுத்தான். செருப்புக் காலால் மிதித்து அணைத்தான். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டும் உடம்பு கூசியது.

"இன்னாய்யா, சட்டையெல்லாம் புகை நாத்தம்?" என்றாள் மனைவி கலைச்செல்வி.

"ஆபீஸ் நாத்தம்" என்றான்.

வெட்கமும் புதுச் செருப்பு மாதிரிதான். முதலில் கடிக்கும், நடக்க நடக்கப் பழகிவிடும். பிறகு புள்ளி விழும் இடமெல்லாம் போனான். மொபெட்டில் ஒரு சாக்கில் மல்லாட்டைக் கொடி தயாராக இருந்தது. தரையும் படமும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிற ஒரே கிளை செஞ்சிதான் என்று மேலிடம் பாராட்டிக் கடிதம் எழுதியது. இயக்குநர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். காமராஜுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்குப் புள்ளி சிங்கவரத்திலேயே விழுந்தது. மாரியம்மாளின் கொல்லைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் பாறை. சொந்த ஊரில் வைக்க அவனுக்குக் கை வரவில்லை. இருந்தாலும் வைத்தான். போட்டோ அனுப்பினான். உடனே இயக்குநர் அழைத்தார்.

"என்னப்பா, ஊதுபத்தி மாதிரி இருக்கு? கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்."

சாக்கைக் கவிழ்த்தான். கெட்டியாக எழுந்தது. படத்தை அனுப்ப சிக்னல் இல்லை. பாறை உச்சிக்கு ஏறி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நகர்ந்தான். போட்டோ போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் காற்று திசை மாறியிருந்தது. தீ பாறையிலிருந்து இறங்கி, காய்ந்த புல்லில் படபடவென்று பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஐயோ என்று கத்திக்கொண்டே ஓடினான். வேப்பங்கிளையை ஒடித்து அடித்தான். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் பற்றியது. கொல்லை ஓரத்தில் மாரியம்மாளின் வைக்கோல் போர் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஆட்டுக் கொட்டாயின் ஓலைக் கூரைக்குத் தாவியது. அவன் உள்ளே புகுந்து கயிறுகளை அறுத்துவிட்டான். ஆடுகள் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தன. மூலையில் தனியாகக் கட்டியிருந்த சினையாட்டை அவனால் எட்ட முடியவில்லை. கூரை விழுந்துவிட்டது.

தெரு ஜனம் பாதி குடத்தோடு ஓடி வந்தது, பாதி செல்போனோடு நின்றது. தீயணைப்பு வண்டி வந்து எல்லாம் அடங்கியபோது புகை சிங்கவரத்தை மூடி, செஞ்சியை மூடி, கோட்டைக்கு மேலே திரண்டு நின்றது. கோட்டை பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். செஞ்சி இத்தனை புகையைச் சமீபத்தில் கண்டதில்லை.

மாரியம்மாள் சினையாடு கிடந்த இடத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு காமராஜின் வலது கை தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்தாள். அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, அவனை இழுத்து உட்கார வைத்து, கைமேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீ மட்டும் வரலன்னா என் ஆடுங்க மொத்தமும் போயிருக்கும்டா. பெத்த புள்ள கூட இப்படி உள்ள பூர மாட்டான்."

காமராஜ் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. 

நிவாரணம் கேட்டு மாரியம்மாள் தாலுகா ஆபீசுக்குப் போனாள். புகை விஷயம் என்பதால் புகை மையத்தில் ஒரு சான்று வாங்கி வரச் சொன்னார்கள். உரக்கடை மாடி ஏறி வந்தாள். இயக்குநர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். காரணம், தீப்பிடித்த அன்று மாலை வந்த படம். செஞ்சிக்கு மேலே சாம்பல் நிறம் அழகாக, அகலமாகப் பூசியிருந்தது.

"தோ! என் போரு எரிஞ்ச புகை!" என்று மாரியம்மாள் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"தொடாதீங்கம்மா. அது உங்க புகை இல்ல. மேற்கு மலைப் புகை. முன்னமே ஒரு வெள்ளிக்கிழமை வர வேண்டியது. நாங்க அப்பவே சொன்னோம், யாரும் நம்பல. இப்ப வந்துடுச்சு."

"மலையில இருந்து வர்ற புகையில வைக்கோல் நாத்தம் எப்படிங்க வரும்?"

"படத்துல நாத்தம் பதிவாகாதும்மா."

நீலாஞ்சனா எழுந்து நின்றாள். "சார், புகை சிங்கவரத்துல இருந்துதான் கிளம்புது. மேற்கே எதுவுமே இல்ல, நல்லாத் தெரியுது."

"சிங்கவரத்துல எந்த இடத்துலம்மா சிவப்புப் புள்ளி இருக்கு?"

"மேல, பாறையில சார்."

"அது மத்தியானம் படத்துல வந்த தீ. காமராஜ் போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, அணைச்சிட்டு வந்துட்டான். கீழே வைக்கோல் போர்ல புள்ளி இருக்கா? இல்ல. புள்ளி இல்லாத இடத்துல தீ இல்ல. தீ இல்லாத இடத்துல ஏது புகை? இது சயின்ஸ்மா. நான் மனசு இரங்கினாலும் சயின்ஸ் இரங்காது."

இப்படியாகச் சிங்கவரத்தில் அன்று இரண்டு தீ இருந்ததாக முடிவாயிற்று. எரியாத தீ அதிகாரபூர்வமானது. எரிந்த தீ வதந்தி.

'பாறைத் தீயைத் தவிர தரையில் வேறு தீ எதுவும் காணப்படவில்லை' என்று டைப் அடித்துக் காமராஜ் முன்னால் நீட்டினார்கள். வலது கையில் கட்டு. கையெழுத்துப் போட முடியாது. இயக்குநர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். பட்டம் வாங்கியவன், ஒரு ஊருக்கே வரலாறு சொல்லத் தெரிந்தவன், இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தான். எதிரே மாரியம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"வுடுடா. நீ இன்னா பண்ணுவ, வேலைக்காரன்" என்று அவள்தான் அவனைத் தேற்றிவிட்டுப் படி இறங்கினாள். அன்று முழுக்க அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மை நகக்கண்ணிலேயே இருந்தது.

மேலிடத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நிலுவைப் புகை வந்து சேர்ந்துவிட்டது. முன்னறிவிப்பு பலித்துவிட்டது. திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார்கள். சிறந்த தரை உண்மைக்கான விருது காமராஜுக்கு. அவனுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு 'பயனாளி' வேண்டும் என்பதால், நிவாரணத்தைப் பற்றி விழாவில் பெரியவர்கள் காதில் போடலாம் என்று சொல்லி, மாரியம்மாளையே அழைத்து வந்துவிட்டார்கள். அவள் பெட்டியில் இருந்த பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இயக்குநர் பேசினார். "இங்கே பலர் கேட்கிறார்கள், புகை ஏன் தாமதமாக வந்தது என்று. நான் கேட்கிறேன், எந்த அரசுப் பணி தாமதமாக வரவில்லை? தாமதமாக வந்தாலும் நாம் சொன்ன ஊருக்கே வந்தது அல்லவா? மக்கள் இருமினார்கள். அந்த இருமல் எங்கள் உழைப்புக்குக் கிடைத்த கைதட்டல்!" மண்டபம் கைதட்டியது.

மாரியம்மாள் பொன்னாடையைப் பிரித்துக் காமராஜின் தோளில் போர்த்தினாள். மைக்கை அவள் வாயருகே பிடித்தார்கள். அவளுக்கு மைக் கூச்சம் கிடையாது.

"ஊரே செல்லுல படம் புடிச்சிக்கினு நின்னுது. இவன் ஒருத்தன்தான் நெருப்புல பூந்தான். என் வவுத்துல பொறக்காத புள்ள இவன். நல்லா இருக்கட்டும்."

காமராஜுக்கு அதற்குமேல் முடியவில்லை. கொதிக்கிற சோற்றுப் பானையை மூடியால் எத்தனை நேரம் அழுத்த முடியும்? மைக்கைப் பிடுங்கினான்.

"நான்தான் அத்தே வெச்சேன். அந்தத் தீய நான்தான் வெச்சேன். பாறையில புகை வேணும்னு கொளுத்துனேன், இறங்கிடிச்சி. உன் போரு, உன் கொட்டாய், உன் சினையாடு, எல்லாம் என்னாலதான். போலீசைக் கூப்புடுங்க."

 இயக்குநர் ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டு, அவன் தோளில் கை போட்டார்.

"பாருங்கள் இந்தத் தன்னடக்கத்தை! ஊரில் நடந்த எல்லாத் துன்பத்துக்கும் தானே பொறுப்பு என்று நினைக்கிற உள்ளம்! ஆனால் காமராஜ், உணர்ச்சிவசப்படக் கூடாது. வைக்கோல் போர் இருந்த இடத்தில் அன்று தீ இல்லை. படம் இருக்கிறது. வேறு தீ இல்லை என்று உன் கைரேகையும் இருக்கிறது. இல்லாத தீயை எப்படிப்பா ஒருவன் வைக்க முடியும்?"

கைதட்டல் மண்டபக் கூரையில் இடித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரில் காமராஜ் சொன்னதை நம்பியவள் மாரியம்மாள் ஒருத்திதான். அவள் முகம் வெளிறிப்போனதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவன் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

மறுவாரம் காமராஜ் மொபெட்டை விற்றுத் தகரம் வாங்கி வந்தான். ஆட்டுக் கொட்டாய் இருந்த இடத்தில் கம்பம் நட்டு, கூரை போட்டான். மாரியம்மாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவன் இருக்கிற பக்கம் பார்க்காமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவாள், வருவாள். அத்தே என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஆட்டைத்தான் அதட்டினாள்.

கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். இயக்குநரின் குரல் கொல்லையெங்கும் கேட்டது.

"காமராஜ், உங்க ஊர்லயே ஒரு புள்ளி விழுந்திருக்கு. நல்லா பளிச்சுன்னு. மலையடிவாரம், கொல்லை ஓரம். உடனே போய்ப் புகையோட ஒரு போட்டோ அனுப்பு."

உச்சி வெயிலில் புதுத் தகரம் கண்ணைப் பறித்தது. அவன் உட்கார்ந்திருந்த இடம்தான் புள்ளி.

"தீ இல்லைங்க சார். தகரம். நான்தான் மேல உக்காந்துகினு கீறேன்."

"சுடுதா?"

 கீழே மாரியம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்து, ஏணியில் இரண்டு படி ஏறி, கையை நீட்டித் தகரத்தின் விளிம்பில் ஒரு தீப்பெட்டியை வைத்தாள்.

"இந்தா. ஆபீஸ்ல கேக்குறாங்க பாரு" என்றாள். விழாவுக்குப் பிறகு அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.